ஆயிரம் பேருக்கு எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

பிறப்பு, இறப்பு விகிதங்களைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, தனித்தனி இதழ்களில் பதில் சொல்வதைவிட ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதும் இந்தியாவின் நூற்றாண்டுக் காலப் பிறப்பு இறப்புக் கணக்குக்கே ஒதுக்கப்படுகிறது. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருடைய பெயரையும் விட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கே: என் பாட்டிக்குப் பதினொரு பிரசவம், வளர்ந்து ஆளானவர்கள் நால்வர். அம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள், ஐவரும் இருக்கிறோம். எனக்கு இரண்டு. என் மகள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் நடந்ததுதான் நாடு முழுவதும் நடந்ததா? முதலில் குறைந்தது பிறப்பா, இறப்பா?
– பள்ளி ஆசிரியை, தேவகோட்டை

ப: இறப்புதான். அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பாட்டிக்குப் பதினொன்று பிறந்து நான்கு தங்கியது. அம்மாவுக்கு ஐந்து பிறந்து ஐந்தும் தங்கியது. பிரசவங்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் ஆளானவர்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து ஐந்தாக ஏறிவிட்டது. ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ என்று நாம் பழித்துவந்த விஷயம் இதுதான். ஜனங்கள் திடீரென்று அதிகமாகப் பெற்றுக்கொள்ளத் தொடங்கியதால் வந்ததல்ல அது; பிறந்த பிள்ளைகள் சாகாமல் இருந்ததால் வந்தது.

நாட்டுக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1901–1911 பத்தாண்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 49 பிறப்புகள், சுமார் 43 இறப்புகள். 1921–31-இல் பிறப்பு 46 என்ற அளவில் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, இறப்பு 36-ஆக இறங்கியது. 1951–61-இல் பிறப்பு 42, இறப்பு 23. 1971-இல் 36.9-க்கு 14.9. அதன் பிறகுதான் பிறப்புக் கோடு உண்மையாகவே சரியத் தொடங்கியது: 1991-இல் 29.5, 2011-இல் 21.8, 2023-இல் 18.4. அதே ஆண்டுகளில் இறப்பு முறையே 9.8, 7.1, 6.4. இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் ஆண்டுதோறும் கூடும் தொகை. அது நூற்றாண்டின் தொடக்கத்தில் 6-ஆக இருந்து, எழுபதுகளில் 22 வரை விரிந்து, இப்போது 12-க்குச் சுருங்கியிருக்கிறது.

இறப்பு குறைந்தபின் பிறப்பு குறைவதற்கு ஏன் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன என்று கேட்பீர்கள். பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை. 1971-இல்கூட, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2023-இல் அது 25. அந்த அச்சம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை அறியப் புள்ளிவிவரப் புத்தகம்கூட வேண்டாம், உங்கள் ஊரின் பழைய வாக்காளர் பட்டியல் போதும். முந்திய பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றும் குப்பம்மாள் என்றும் பெயரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவனை செய்தார்கள். பிச்சையாகக் கிடைத்தது என்று பிச்சை என்றே கூப்பிட்டார்கள். யமனுக்கு வேண்டாத பொருளாகக் காட்டினால் விட்டுவிடுவான் என்பது கணக்கு. அந்தப் பெயர்கள் இன்று அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்களிடம்தான் இருக்கின்றன. பின்னால் வந்த இன்னொரு பெயர் போதும்பொண்ணு. பிள்ளைகள் தங்கத் தொடங்கிய பிறகு, எந்தப் பிள்ளை போதும், எது வேண்டும் என்ற கணக்கு வந்த காலத்தின் பெயர் அது. அந்தக் கணக்கில் பெண் குழந்தைக்கு நேர்ந்த அநியாயம் தனியே எழுத வேண்டியது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர்; பத்தே ஆண்டுகளில் அது 927 ஆனது.

கே: போட்டித் தேர்வுப் பாடங்களில் 1921-ஐ ‘பெரும் பிரிவினை ஆண்டு’ என்கிறார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன், காரணம் விளங்கவில்லை.
– மாணவர், அறந்தாங்கி

ப: 1911-இல் இன்றைய இந்திய எல்லைக்குள் 25.21 கோடிப் பேர் வாழ்ந்தனர், 1921-இல் 25.13 கோடி. இருபதாம் நூற்றாண்டில் நாட்டின் மக்கள்தொகை சுருங்கியது அந்த ஒரு பத்தாண்டில் மட்டுமே. அதற்கு முன் தொகை ஏறும், இறங்கும், நிற்கும்; அதற்குப் பின் ஒரு முறையும் இறங்கவில்லை. அதனால் அந்தப் பெயர்.

மனப்பாடத்துக்கு அடியில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பழைய காலத்து இறப்பு எந்த வடிவில் வந்தது என்பது. இன்றுபோல ஆண்டுக்காண்டு ஒரே சீராக அது வரவில்லை. சில ஆண்டுகள் ஓரளவு அமைதியாகக் கழியும், பிறகு ஒரே வீச்சில் ஊரையே வாரிக்கொண்டு போகும். நம் பாட்டிமார் ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்று சொன்னது 1876–78 பஞ்சத்தை. இந்தியா முழுவதும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்ட அந்தப் பஞ்சத்தின் விளைவாக, சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871-இல் இருந்ததைவிட 1881-இல் குறைந்துபோயிருந்தது. (சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.) 1896-இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு கோடி உயிர்களுக்கு மேல் கொண்டுபோயிற்று. 1918-இல் வந்த விஷக் காய்ச்சலுக்கு (இன்ஃபுளுவென்சா) பலியானோரை ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை மதிப்பிடுகிறார்கள். 1911–21 பத்தாண்டின் சராசரி ஆயுள் சுமார் இருபது ஆண்டுகளே என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். எல்லோரும் இருபது வயதில் இறந்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை; குழந்தைப் பருவத்திலேயே பெரும்பங்கினர் இறந்ததால் சராசரி அப்படி இழுக்கப்பட்டது. ஐந்து வயதைத் தாண்டியவருக்கு ஐம்பதைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கத்தான் செய்தது.

1921-க்குப் பிறகு இந்த வீச்சுகள் தணிந்தன. பென்சிலின் போன்ற மருந்துகள் நாற்பதுகளில்தான் வந்தன என்பதால், முதல் இருபதாண்டு இறக்கத்தைப் புதிய மருந்துகளின் கணக்கில் எழுத முடியாது. பிளேக் தானாகவே ஓய்ந்தது. 1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தைத் தொடர்ந்து எழுதப்பட்ட பஞ்ச விதிகளின்படி நிவாரண வேலைகள் முன்கூட்டியே தொடங்கப்பட்டன. ரயில் பாதைகள் தானியத்தை இடம் மாற்றின. அம்மைப் பால் வைப்பது, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி, பரவியது. அரசாங்கம் கைவிட்ட இடத்தில் பழைய வீச்சு திரும்பி வரத் தயங்கவில்லை என்பதற்கு, சுமார் முப்பது லட்சம் பேர் மாண்ட 1943 வங்கப் பஞ்சம் சாட்சி. பஞ்சமும் கொள்ளைநோயும் பெருகும் ஜனத்தொகைக்கு இயற்கை இடும் கடிவாளம் என்ற கருத்தைப் பரப்பிய மால்தஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் 1834-இல் இறக்கும்வரை பாடம் நடத்தியவர் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது.

கே: முப்பது ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். பிறப்பு இறப்புப் பதிவேட்டில் விட்டுப்போவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பெயர் வைக்குமுன் இறந்த குழந்தையைப் பதிய யார் வருவார்? அப்படியிருக்க, 1971-இன் பிறப்பு விகிதம் 36.9 என்று தசமப் புள்ளியோடு எப்படிச் சொல்கிறார்கள்?
– வாசகர், முசிறி

ப: நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சென்னை மாகாணத்தில் 1899-இலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1969-இல் வந்தது. ஆனால் சட்டம் இருந்ததால் பதிவு நிறைவாக நடந்துவிடவில்லை. நீங்கள் சொன்ன குழந்தையின் பிறப்பும் விடுபடும், இறப்பும் விடுபடும்; ஒரே குழந்தை இரண்டு கணக்கிலும் இல்லாமல் போகும். ஆகவே தசமப் புள்ளி போட்டுச் சொல்லப்படும் எண்கள் உங்கள் பதிவேட்டிலிருந்து வருவதில்லை. மாதிரிப் பதிவுத் திட்டம் என்ற வேறொரு ஏற்பாட்டிலிருந்து வருகின்றன. அறுபதுகளின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, எழுபதுகளின் வாசலில் நாடு முழுவதும் விரிந்த திட்டம் அது.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நாடு முழுவதும் கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் 8,842 மாதிரி அலகுகள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தோர் ஏறக்குறைய 84 லட்சம். ஒவ்வோர் அலகிலும் உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ, பகுதி நேர வேலையாக ஆண்டு முழுவதும் பிறப்பையும் இறப்பையும் நடக்க நடக்க எழுதிக்கொண்டே வருவார். வாசலில் பந்தல் போட்டால் போய் விசாரிப்பார். மருத்துவச்சியையும் இடுகாட்டில் வேலை பார்ப்பவரையும் கேட்டுக்கொள்வார். எந்த வீட்டில் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பதும் அவர் ஏட்டில் இருக்கும், ஏனெனில் கர்ப்பம் பதிவாகியிருந்தால் அதன் முடிவு கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவார். முன்னவரின் ஏட்டைப் பார்க்காமல், வீடுவீடாகச் சென்று, கடந்த அரையாண்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று தாமாகக் கேட்டு எழுதுவார். பிறகு இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிடுவார்கள். இரண்டிலும் இருப்பது ஏற்கப்படும். ஒன்றில் மட்டும் இருப்பதற்காக மறுபடியும் அந்த வீட்டுப் படி ஏறி விசாரித்து முடிவு செய்வார்கள். இருவரும் சேர்ந்து ஒரே சாவைத் தவறவிடுவது அரிது என்பதே இதன் நுட்பம். நம் நாட்டில் அரசாங்கம் செய்யும் கணக்குகளில் இதைவிட நேர்மையாகத் தன் பிழையைத் தானே தேடும் கணக்கு வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

கே: மருத்துவமனைச் செவிலியராக இருக்கிறேன். கேரளத்தின் இறப்பு விகிதம் பீகாரைவிட அதிகம் என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன். அச்சுப் பிழைதானே?
– வாசகி, நாகர்கோவில்

ப: அச்சுப் பிழையில்லை. 2020-இல் கேரளத்தில் ஆயிரத்துக்கு 7.0, பீகாரில் 5.4, தமிழ்நாட்டில் 6.1. ஆனால் அதே ஆண்டில் சிசு மரணம், பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு, கேரளத்தில் 6, பீகாரில் 27. இரண்டும் உண்மை.

விடை வயதுக் கணக்கில் இருக்கிறது. 2021-க்கான மதிப்பீட்டின்படி கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 16.5 சதவீதம், பீகாரில் 7.7 சதவீதம். ஆயிரம் பேர் வாழும் இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் ஊரில் முதியோர் 170 பேர், இரண்டாவதில் 80 பேர். முதல் ஊரில் ஓராண்டில் 5 முதியோரும் மற்றவர்களில் 2 பேரும் இறக்கிறார்கள், மொத்தம் 7. இரண்டாவது ஊரில் 3 முதியோரும் மற்றவர்களில் 3 பேரும்; மொத்தம் 6. மொத்தத்தைப் பார்த்தால் இரண்டாவது ஊரே நலமானதாகத் தோன்றும். ஆனால் அங்கே 80 முதியோரில் 3 பேர் போகிறார்கள். முதல் ஊரில் 170-இல் 5 பேர்தான். இளையோரிலும் இரண்டாவது ஊரில்தான் சாவு அதிகம். எந்த வயதை எடுத்துக்கொண்டாலும் முதல் ஊரில் வாழ்வதே நல்லது. இருந்தும் மொத்த விகிதம் அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. உலகிலேயே நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் ஒன்றான ஜப்பானின் இறப்பு விகிதம் சுமார் 13, அதாவது நம்முடையதைப் போல் இரு மடங்கு, என்பதற்கும் காரணம் இதுவே.

எனவே இந்தியாவின் இறப்பு விகிதம் இனி மெல்ல ஏறினால் பதற வேண்டாம். 2020-இல் 6.0 வரை இறங்கியது, கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த 2021-இல் 7.5 ஆனது, அந்த ஏற்றம் நோயால் வந்தது. வரும் ஆண்டுகளின் ஏற்றம் நரையால் வரும்.

கே: எங்கள் நாட்டில் 1946, 47-இல் டி.டி.டி. என்ற கொசுமருந்தைத் தெளித்ததால்தான் மரணம் குறைந்தது என்று பாடசாலையில் படித்தோம். அது முழு உண்மையா?
– வாசகர், மட்டக்களப்பு

ப: பாதிக்கும் குறைந்த உண்மை. இலங்கையின் இறப்பு வீதம் 1946-இல் ஆயிரத்துக்குச் சுமார் 20. 1947-இல் சுமார் 14. ஒரே ஆண்டில் இப்படியொரு வீழ்ச்சி உலகின் கண்ணைப் பறித்தது இயல்பே. 1934–35 மலேரியாவில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் மாண்டதைக் கண்ட தீவு என்பதால், மருந்துப் புகையே காப்பாற்றியது என்ற கதை எளிதில் நிலைத்துவிட்டது. ஆனால் மலேரியா அதிகம் இல்லாத கொழும்பிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதே ஆண்டுகளில் இறப்பு நன்றாகவே குறைந்தது; அங்கே டி.டி.டி. என்ன செய்திருக்க முடியும்? அந்தக் கால இறக்கத்தில் மலேரியா ஒழிப்பின் பங்கு கால்வாசி என்பாரும் உண்டு, பாதிக்கு அருகே என்பாரும் உண்டு. மீதிக்கு உரியவை, 1926-இல் களுத்துறையில் தொடங்கிப் பரவிய சுகாதாரப் பிரிவுகள், கிராமத்து ஆஸ்பத்திரிகள், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள், போர்க்கால அரிசிப் பங்கீடு ஆகியவை. நாற்பதுகளின் நடுவில் லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 1,500 தாய்மார் இறந்த நாடு, அந்த எண்ணைப் பிற்பாடு முப்பத்துச் சொச்சத்துக்குக் கொண்டுவந்தது. கொசுமருந்து அதைச் செய்யாது. 1945-இல் வந்த இலவசக் கல்வியையும் சேர்த்துக்கொண்டால், இந்தியாவுக்குப் பல ஆண்டுகள் முன்பே உங்கள் நாட்டில் பிறப்பு ஏன் இறங்கியது என்பதும் விளங்கிவிடும்.

கே: நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடை நடந்திராவிட்டால் இந்தியாவின் பிறப்பு விகிதம் குறைந்திருக்காது என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து?
– வாசகர், ஈரோடு

ப: நண்பரின் கருத்தை எண்கள் ஆதரிக்கவில்லை, எனக்கும் உடன்பாடில்லை. 1976 ஏப்ரல் முதல் 1977 மார்ச் வரையிலான ஓராண்டில் சுமார் 83 லட்சம் பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களில் 62 லட்சம் பேர் ஆண்கள். சம்பளத்தை நிறுத்துவதாகவும் சலுகைகளைப் பறிப்பதாகவும் மிரட்டி, இலக்குக்காக ஆள் பிடித்த ஆண்டு அது. இதற்கெல்லாம் விளைந்த பலன்? 1961–71 பத்தாண்டில் மக்கள்தொகை வளர்ச்சி 24.80 சதவீதம்; 1971–81-இல் 24.66 சதவீதம். மிஞ்சியது மக்களின் கோபம்தான். அடுத்த ஆண்டே அறுவைச் சிகிச்சைகள் பத்து லட்சத்துக்கும் கீழே விழுந்தன. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரையே ‘குடும்ப நலம்’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. அன்று விரட்டப்பட்ட ஆண்கள் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கருத்தடை அறுவை செய்துகொண்ட மனைவியர் 37.9 சதவீதம், கணவர் 0.3 சதவீதம். பெண்ணுக்குச் செய்யும் அறுவையைவிட ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு என்பது தெரிந்தும் சுமை முழுவதும் ஒரு பக்கமே சாய்ந்தது. நெருக்கடி நிலை விட்டுச்சென்ற எச்சங்களில் இதையும் நான் சேர்ப்பேன்.

வேகமான இறக்கம் வந்தது எங்கே என்று பாருங்கள். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்ற கருவள விகிதம், தலைமுறையைச் சரியாக ஈடுசெய்யும் 2.1 என்ற அளவைக் கேரளத்தில் 1988-இலும் தமிழ்நாட்டில் 1993-இலும் எட்டியது. தமிழ்நாட்டில் 1982-இல் விரிவான சத்துணவுத் திட்டம் வந்தது. பெண்ணின் திருமண வயது நாடு முழுவதும் 1978-இல் 18 ஆக்கப்பட்டது. ஏட்டைக் கையில் ஏந்திய கிராம சுகாதாரச் செவிலியர், பெரிய டாக்டர் செல்லாத தெருவுக்கெல்லாம் நடந்து சென்றார். நகரப் பேருந்து கிராமம் வரை வந்ததால் பெண்பிள்ளை எட்டாவதைத் தாண்டிப் படிக்க முடிந்தது. படிப்பு ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது: பெண் எழுத்தறிவில் அவ்வளவு முன்னேறாத ஆந்திரமும் 2005–06-இல் 1.8-க்கு வந்துவிட்டது. பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி, பிள்ளையைப் படிக்கவைக்க ஆகும் செலவு, ‘அடுத்த வீட்டில் இரண்டுதான்’ என்ற பேச்சு, எல்லாம் கலந்துதான் வேலை செய்தன. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவரில் எழுதியது வழி காட்டியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுவர் பீகாரிலும் இருந்தது, அங்கே கருவள விகிதம் இன்னும் மூன்றுக்கு அருகிலேயே நிற்கிறது.

கே: கருவள விகிதம் 2.1-க்கும் கீழே வந்துவிட்டது என்கிறார்கள். மக்கள்தொகை இன்னும் கூடுகிறது என்றும் சொல்கிறார்கள். முரண் இல்லையா?
– வாசகி, விருத்தாசலம்

ப: இல்லை. ஒரு தெருவில் தாயாகும் வயதில் நூறு பெண்களும் மூச்சு அடங்கும் வயதில் முப்பது பேரும் இருந்தால், நூறு பெண்களும் ஆளுக்கு ஒரே பிள்ளை பெற்றாலும் பிறப்பு நூறு, இறப்பு முப்பது. தொண்ணூறுகளிலும் அதன் பிறகும் பெருந்தொகையாகப் பிறந்தவர்கள் இப்போது பெற்றோராகும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் முதுமையை அடையும்வரை தொகை ஏறும். ஐக்கிய நாடுகள் அவையின் 2024 மதிப்பீடு, 2060-களின் தொடக்கத்தில் சுமார் 170 கோடியில் இந்தியா உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் என்கிறது.

கே: தொகுதி மறுவரையறையில் தமிழ்நாடு இடங்களை இழக்கும் என்பதால், இனி அதிகம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று தலைவர்களே பேசுகிறார்களே?
– வாசகர், பட்டுக்கோட்டை

ப: 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு இதை விளையாட்டாக அன்றிச் சொன்னார், தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், ‘பதினாறும் பெற்று’ என்ற வாழ்த்தைத் தொட்டு, பதினாறு பிள்ளைகளைப் பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது என நகைச்சுவையாகச் சொன்னார். (அந்தப் பதினாறு கல்வி, புகழ் முதலான பேறுகள், பிள்ளைகள் அல்ல. அவரும் அதை விளக்கிவிட்டே சொன்னார்.)

அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள், 1967-இல் 39. அதன்பின், பிறப்பைக் குறைத்த மாநிலம் தண்டிக்கப்படக் கூடாது என்று, 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இட ஒதுக்கீட்டை 1976-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் உறையவைத்தது. 2001-இன் திருத்தம் அதை 2026-க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிநாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிரச்சினை மெய்யானதே. ஆனால் அது நாடாளுமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டியது. பிரசவ அறையில் தீர்க்கக் கூடியது அன்று. பணத்தைக் கொட்டிப் பார்த்த தென்கொரியாவில் கருவள விகிதம் 2023-இல் 0.72-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் அது 2020-இலேயே 1.4. ஒற்றைப் பிள்ளைக்கே கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கும் பெற்றோரிடம், தொகுதிக்காக இன்னொன்று பெறச் சொன்னால் கேட்பார்களா?

கே: எங்கள் ஊரின் பழைய இறப்புப் பதிவேட்டு நகல் ஒன்றைக் குடும்ப மரத்துக்காகப் பார்க்க நேர்ந்தது. 1918 ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பக்கம் பக்கமாகப் பெயர்கள். காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘ஜுரம்’. என் கொள்ளுப்பாட்டியும் அதில் இருக்கிறார், வயது 26. எழுதியவர் அலட்சியமாக எழுதிவிட்டாரா?
– வாசகர், சிவகாசி

ப: அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். பதிவேட்டை எழுதியவர் கிராம முன்சீப், மருத்துவர் அல்லர். அவருக்குத் தரப்பட்ட காரணங்களின் பட்டியலில் காலரா, அம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, காயம், ஜுரம் என்று சிலவே இருந்தன. உடம்பு சுட்டு இறந்த எவரும் ஜுரத்தில்தான் போவார். மலேரியாவும் டைபாய்டும் பிரசவத்துக்குப் பின் வந்த சன்னியும் அந்த ஒரே சொல்லில் அடங்கின. ஆனால் நீங்கள் சொல்லும் மாதங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய விஷக் காய்ச்சல் முதலில் மிதமாகத்தான் அடித்தது. செப்டம்பரில் அதே நகரில் கடுமையாகத் திரும்பி, அக்டோபர், நவம்பரில் சென்னை மாகாணத்தைச் சூழ்ந்தது. வழக்கமான காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும் தேடும். இது இருபது முதல் நாற்பது வயதினரைத் தேடியது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தனர். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களே. இருபத்தாறு வயது, கார்த்திகை மாதம், ஜுரம் என்ற மூன்றையும் சேர்த்துப் படித்தால், உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தக் காய்ச்சலுக்கு ஆளாகியிருக்க வாய்ப்பு மிகுதி.

அந்த ஊரின் 1919-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவேடும் கிடைக்குமானால் அதையும் புரட்டிப் பாருங்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டில் பிறப்பு திடுமெனக் குறைந்தது. பெற வேண்டிய வயதினரே முந்திய கார்த்திகையில் போய்விட்டிருந்தார்கள். உங்கள் ஊரிலும் ஆடி, ஆவணிப் பக்கங்கள் மெலிந்திருக்கக்கூடும்.